எந்த ரோட்டரில் சுழற்றினீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

நம் உடம்பின் செல்கள் ஓயாமல் குட்டிக் குட்டிக் கொழுப்புப் பைகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. ரத்தம், சிறுநீர், எச்சில், தாய்ப்பால் எல்லாவற்றிலும் இவை உண்டு. செல்வெளி நுண்பைகள் என்று பெயர். எக்சோசோம் என்று நீங்கள் கேள்விப்பட்டிருந்தால் அதுவும் இந்தக் குடும்பம்தான். எக்சோசோமின் அளவு ஏறக்குறைய 30 முதல் 150 நானோமீட்டர். டெங்கு வந்தால் எண்ணிப் பார்ப்போமே பிளேட்லெட், அதிலிருந்து உதிரும் நுண்பைகளை 1967இல் பீட்டர் வுல்ஃப் விவரித்தபோது ‘பிளேட்லெட் தூசி’ என்றுதான் எழுதினார். அந்தத் தூசிக்குள் புரதமும் ஆர்.என்.ஏ.வும் இருக்கின்றன, செல்லுக்குச் செல் அவை கைமாறுகின்றன என்று தெரிந்ததும் நிலைமை மாறிவிட்டது. ஒரு சொட்டு ரத்தத்தில் புற்றுநோயைப் பிடித்துவிடலாமா என்று உலகமெங்கும் ஆய்வகங்கள் இறங்கிவிட்டன.

சரி, இதில் தகராறு எங்கே? ஓர் ஆய்வகத்தில் கிடைத்த முடிவு இன்னோர் ஆய்வகத்தில் கிடைப்பதில்லை. காரணத்தைத் தேடி அதிக தூரம் போக வேண்டாம். 2010 முதல் 2015 வரை வெளியான 1,226 கட்டுரைகளை அலசி, 2017இல் ஒரு கணக்கு வெளிவந்தது. நுண்பைகளைப் பிரித்தெடுக்க அவற்றில் இருந்த செய்முறைகள் மொத்தம் 1,038! கிட்டத்தட்ட கட்டுரைக்கு ஒன்று.

அதிகம் புழங்கும் முறையையே எடுத்துக்கொள்வோம். மாதிரியை அதிவேக மையவிலக்கியில், புவியீர்ப்பைப் போல 1,00,000 மடங்கு விசையில், ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றுவார்கள். நுண்பைகள் அடியில் படியும். கட்டுரையில் விசையும் நேரமும் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் மையவிலக்கிக்குள் குழாய்களைத் தாங்கிச் சுழலும் பாகமான ரோட்டர் எது என்று இருக்காது. குழாயைச் சாய்வாகப் பிடித்திருக்கும் ரோட்டர் ஒன்று. சுற்றும்போது குழாய் கிடையாக எழும்பிவிடுகிற ரோட்டர் இன்னொன்று. முதலாவதில் நுண்பை சிறிது தூரம் நகர்ந்தாலே சுவரில் மோதிவிடும். இரண்டாவதில் குழாயின் முழு நீளத்தையும் கடந்தாக வேண்டும். அதே விசை, அதே நேரம், ஆனாலும் படிவது வேறு வேறு. ரோட்டரின் பெயரை எழுத அரை வரி போதும். அந்த அரை வரியை ஏன் மிச்சம் பிடிக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

சர்வதேச செல்வெளி நுண்பைச் சங்கம் 2014, 2018, 2023 என்று மூன்று முறை வழிகாட்டுதல்களை உருவாக்கியது. கடைசியாக வந்ததில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்களின் பங்கு இருக்கிறது. ‘எல்லோரும் இப்படியே செய்யுங்கள்’ என்று ஒரே செய்முறையை அவர்கள் திணிக்கவில்லை. அதுதான் சரி. சிறுநீரில் யூரோமோடுலின் என்ற புரதம் வலைபோல நின்று நுண்பைகளைச் சிக்கவைக்கும். பாலில் கேசீன் என்ற புரதம் குறுக்கே வரும். ஒன்றுக்குப் பொருந்துவது மற்றதற்குப் பொருந்தாது. அதனால் செய்ததைச் செய்தபடி எழுதச் சொல்கிறார்கள். அப்புறம், சிடி9, சிடி63, சிடி81 போன்ற நுண்பைப் புரதங்கள் இருக்கின்றன என்று காட்டினால் மட்டும் போதாது, இருக்கக் கூடாத மாசு எவ்வளவு என்றும் காட்டச் சொல்கிறார்கள்.

என்னைக் கேட்டால், பெரிய ஓட்டை ஆய்வகத்தில் இல்லை, ரத்தம் எடுக்கிற இடத்தில் இருக்கிறது. ரத்தத்தில் மிதக்கும் கொழுப்புப் புரதத் துகள்கள் எண்ணிக்கையில் நுண்பைகளைப் பல மடங்கு மிஞ்சும். அளவிலும் பல அதே ரகம். ஒளிச்சிதறலை வைத்துத் துகள் எண்ணும் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே சாப்பிட்டுவிட்டு வந்தவரிடம் எடுத்த ரத்தமா, வெறும் வயிற்று ரத்தமா என்று தெரியாமல் வரும் எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை. குழாயும் சும்மா இல்லை. ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் மருந்து போட்ட குழாய் என்றால் பின்னால் செய்யும் பி.சி.ஆர். சோதனையே கெடலாம். குழாயை மேசையில் போட்டு வைத்தாலும், குலுக்கிக்கொண்டு எடுத்துப் போனாலும் பிளேட்லெட்டுகள் தூண்டப்பட்டுப் புது நுண்பைகளை விடும்.

இதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை, பிளேட்லெட்டுகளை நீக்க ஒரே ஒரு முறை மட்டும் சுற்றிவிட்டு உறையவைப்பது. மிச்சமிருக்கும் பிளேட்லெட்டுகள் உறைந்து உருகும்போது சிதறி, நுண்பைகள் போன்ற துணுக்குகளாகிவிடும். நோயாளியின் உடம்பிலிருந்து வந்தது எது, ஃப்ரீசரில் பிறந்தது எது என்று பிறகு எந்தக் கருவியாலும் பிரித்துச் சொல்வது கடினம். அதனால்தான் உறைய வைப்பதற்கு முன்பே, 2,500 மடங்கு விசையில் கால் மணி நேரம் வீதம் இரண்டு முறை சுற்றும் வழக்கம் வந்தது. ரத்த மாதிரிகளுக்கென்றே 2023இல் தனிப் படிவமும் வந்திருக்கிறது. மிச்ச பிளேட்லெட் எவ்வளவு, சிவப்பணு உடைந்திருக்கிறதா, கொழுப்புத் துகள்கள் கலந்திருக்கின்றனவா என்றெல்லாம் அதில் நிரப்ப வேண்டும். இனி எடுக்கும் ரத்தத்துக்கு இது உதவும். ஒரே சுற்றோடு ஏற்கெனவே உறையவைத்த மாதிரிகளில், பிளேட்லெட் எவ்வளவு மிஞ்சியது என்று எண்ணி வைத்திராவிட்டால், படிவத்தின் அந்தக் கட்டத்தை இனி யாராலும் நிரப்ப முடியாது.