நடுவிரலைச் சுண்டினால் கட்டைவிரல் ஏன் மடங்குகிறது?

[திரையில்: தளர்வாக வைத்த ஒரு கை]

நரம்பியல் டாக்டர் உங்கள் நடுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டு அதன் நகத்தைக் கீழ்நோக்கி ஒரு சுண்டு சுண்டுகிறார், ஆனால் அவர் கண் அந்த விரலில் இல்லை, கட்டைவிரலில் இருக்கிறது. அது உள்பக்கமாக வெடுக்கென்று மடங்குகிறதா, கூடவே ஆள்காட்டி விரலும் மடங்குகிறதா என்றுதான் பார்க்கிறார். மடங்கினால் ஹாஃப்மன் அறிகுறி இருக்கிறது என்பார்கள். ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் இருந்த நரம்பியல் டாக்டர் யோகான் ஹாஃப்மனின் பெயர் இது. வேடிக்கை என்னவென்றால் 1911-இல் இதை எழுதி வெளியிட்டது அவர் இல்லை, அவருடைய உதவியாளர் ஹான்ஸ் குர்ஷ்மன்.

[திரையில்: விரலிலிருந்து கழுத்துக்கு ஓடும் கோடு]

சரி, யாரும் தொடாத கட்டைவிரல் ஏன் அசைய வேண்டும்? சுண்டிய விரல் நுனி துள்ளி நிமிரும்போது விரலை மடக்கும் தசை சட்டென்று இழுபடுகிறது, அந்தச் செய்தி கழுத்தின் அடிப்பகுதியில் இருக்கும் தண்டுவடத்துக்குப் போகிறது, மூளையைக் கேட்காமலேயே அங்கிருந்து 'மடங்கு' என்று பதில் வந்துவிடுகிறது. இந்தச் சுற்று எல்லோருக்கும் உண்டு. பொதுவாக மூளையிலிருந்து இறங்கும் நரம்புப் பாதை அதை அடக்கி வைத்திருக்கும், அந்தப் பாதை எங்கேயாவது பழுதானால் பிரேக் விட்டுப்போய் பக்கத்து விரல்களும் துள்ளும்.

பழுது கழுத்தில் இருக்கலாம், அதற்கும் மேலே மூளையிலும் இருக்கலாம். தேய்ந்த எலும்போ பிதுங்கிய டிஸ்க்கோ தண்டுவடத்தை அழுத்துவது, நரம்பின் மேலுறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தசையை இயக்கும் நரம்புகள் அழியும் ஏ.எல்.எஸ்., பக்கவாதம் என்று காரணங்கள் பல. எது என்பதை விரலைச் சுண்டுவது மட்டும் சொல்லாது.

ஆனால் மணிக்கட்டா கழுத்தா என்ற குழப்பத்தில் இது நன்றாகவே உதவும். விரல் மரத்துப்போகிறது, சட்டைப் பொத்தான் போட வரவில்லை, கையெழுத்து கோணலாகிறது என்றால் பலரும் மணிக்கட்டில்தான் நரம்பு அழுந்துகிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மணிக்கட்டில் மட்டும் அழுந்தினால் இந்தத் துள்ளல் வராது. துள்ளல் இருந்து, நடையும் தள்ளாடினால் கழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

[திரையில்: இரண்டு கைகள்]

இப்போதே உங்கள் விரலைச் சுண்டிப் பார்த்திருப்பீர்கள், தெரியும்! சுண்டும்போது கையை இறுக்கிவிடுவோம் என்பதால் நாமே செய்வது சரியாக வராது, அப்புறம் எந்த நோயும் இல்லாத சிலருக்கும் இரண்டு கையிலும் இது இருக்கும், பதற்றத்திலோ தைராய்டு அதிகமாகச் சுரந்தாலோகூட வரலாம். ஒரு கையில் மட்டும் வந்தால் டாக்டரின் புருவம் இன்னும் உயரும். அதேபோல, வரவில்லை என்பதற்காகக் கழுத்து நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது.

அதனால்தான் அவர் அடுத்து முழங்காலைத் தட்டுகிறார், உள்ளங்காலில் கீறி பெருவிரல் மேலே போகிறதா என்று பார்க்கிறார். 1896-இல் பிரான்ஸின் நரம்பியல் டாக்டர் பாபின்ஸ்கி சொன்ன சோதனை அது. இவையும் சேர்ந்து கழுத்துத் தண்டுவடத்தையே சுட்டிக்காட்டினால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார், அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஏனென்றால் தண்டுவடம் நெடுநாள் அழுந்திக் கிடந்தால் அறுவை சிகிச்சை செய்த பிறகும் இழந்த அசைவு முழுதாகத் திரும்பாமல் போகலாம்.