கல்லடிப் பாலத்தில் ஓர் ஒலிநாடா

வணக்கம், நேயர்களே.

முப்பது வருடங்களாக ஊர் ஊராகப் போய் மட்டக்களப்புப் பக்கத்து நாட்டார் ஆடலான வசந்தன் கூத்தின் பாட்டுகளைப் பதிவு செய்கிறவன் நான். ஒருமுறை அவற்றைக் குறுந்தட்டாக வெளியிட்டோம். வருகிற பணம் பாடிய அண்ணாவிமாருக்கு, அதாவது கூத்து ஆசான்களுக்கு, என்று பேச்சு. அடுத்த மாதமே மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் ஒருவர் அதே தட்டைப் பாதி விலைக்கு என்னிடமே நீட்டினார். அட்டை என்னுடையதைவிட அழகாக இருந்தது. வாங்கிவிட்டேன். ஆகவே திருட்டுப் பிரதிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

ஆனால் அந்தத் திருட்டைப் பிடிப்பதற்காக, இணைய இணைப்புத் தரும் நிறுவனமே வாடிக்கையாளர்கள் எல்லோரும் எதை அனுப்புகிறார்கள், எதை இறக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறார்களே, அதுதான் எனக்கு ஒவ்வவில்லை. காரணம் மட்டக்களப்பின் கல்லடிப் பாலம்.

யுத்தத்தில் அங்கே சோதனைச் சாவடி இருந்த காலம். சாப்பாட்டுப் பெட்டியும் தப்பாது, தயிர்ச்சட்டியும் தப்பாது. என் பையில் ஆறு ஒலிநாடாக்கள். "கூத்துப் பாட்டு" என்றேன். சிப்பாய் நம்பவில்லை, உள்ளேயிருந்து ஒரு ரெக்கோடரைக் கொண்டுவந்து போட்டார். மத்தளம், சல்லரி, பிறகு அறுவடைப் பாட்டு. அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் பத்து நிமிடம் தலையைச் சாய்த்துக் கேட்டார். எனக்குப் பின்னால் வெயிலில் நின்ற வரிசை அசையவில்லை. அதில் ஓர் அக்காவின் தோளில் காய்ச்சல்காரப் பிள்ளை. கடைசியில், நல்ல மனிதர், நாடாவைப் பின்னுக்குச் சுற்றித் திருப்பித் தந்தார்.

பெல்ஜியத்து வழக்கு ஒன்றைப் படித்தபோது அந்த வரிசைதான் நினைவுக்கு வந்தது. ஸ்கார்லெட் என்ற இணைப்பு நிறுவனம் எல்லா வாடிக்கையாளரின் இணையப் போக்குவரத்தையும் தன் செலவிலேயே, காலவரையறையின்றி வடிகட்ட வேண்டும் என்று கேட்டது சபாம் என்ற இசைப் பதிப்புரிமைச் சங்கம். 2011 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் மறுத்தது. நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியாமல் வடிகட்டி இரண்டையுமே தடுத்துவிடலாம் என்றது. அறுவடைப் பாட்டைக் கேட்ட சிப்பாய் மாதிரி.

கனடாவில் வேறு வழி. ரொறன்ரோவில் என் தம்பிக்கு ஒரு மின்னஞ்சல்: உங்கள் இணைப்பிலிருந்து இன்ன படம் பகிரப்பட்டது. "அண்ணா, நான் படமே பார்ப்பதில்லையே" என்று பதறினார். பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்த மாணவன் டொரண்டில் இறக்கியிருக்கிறான். டொரண்டில் வாங்குகிறவரே கொடுக்கவும் செய்கிறார். எல்லோருடைய இணைய முகவரியும், அதாவது இணைப்புக்கு உரிய ஐபி இலக்கமும், எல்லோருக்கும் தெரியும். படத்தின் உரிமையாளருடைய ஆட்கள் அந்தக் கூட்டத்தில் கலந்து முகவரிகளைக் குறித்துக்கொள்கிறார்கள். 2015 ஜனவரி முதல், இணைப்பு நிறுவனம் அவர்களுடைய அறிவித்தலை வாடிக்கையாளருக்கு அனுப்பி, அந்த முகவரி யாருடையது என்ற பதிவை ஆறு மாதம் வைத்திருந்தால் போதும். தபால்காரர் வேலை; பையைத் திறக்கும் வேலை அல்ல. ஆனாலும் முகவரி வீட்டு இலக்கம்தான், ஆள் அல்ல. மறுபடியும் சொல்கிறேன், ஆள் அல்ல. கைபேசி இணைப்பிலோ பலர் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்வது சாதாரணம்.

பிரான்ஸ் பற்றி ஒரு சொல்: 2009இல் மூன்றாம் எச்சரிக்கைக்குப் பின் இணைப்பைத் துண்டிக்கலாம் என்றார்கள், 2013இல் அந்தத் தண்டனையையே கைவிட்டார்கள். நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் பற்றித்தான் விரிவாகப் பேச இருந்தேன். நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் விரலைக் காட்டுகிறார்கள். அந்தச் சட்டப்படி பஸ் நிலையத்து வியாபாரிமேல் நான் வழக்குப் போட்டிருக்கலாம். போடவில்லை. எங்கள் இரண்டாவது குறுந்தட்டுக்கு அட்டை செய்து தந்தவர் அவர்தான். வணக்கம்.