முன்வரிசை பிள்ளைகளுக்கே

நடுவர் அவர்களுக்கும், மொரீஷியஸ் மண்ணில் தமிழ் கேட்கத் திரண்டிருக்கும் அவையோருக்கும் வணக்கம். 'நாட்டுப்புறக் கலைஞரை வாழ வைப்பது பெரியவர்கள் கூடும் மேடையா, பிள்ளைகள் கூடும் முற்றமா?' என்பது தலைப்பு. நான் பிள்ளைகள் பக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், பெரியவர் மேடையில்தான் பேரும் பணமும் என்றார். பிள்ளைகளுக்குப் பாடப் போனால் கலையின் தரம் இறங்கிவிடும் என்றார். சாட்சிக்கு, இந்தத் தீவின் நாட்டுப்புற ஆட்டமும் பாட்டுமான செகாவின் மன்னர், பாடகர் தி ஃப்ரேரை அழைத்தார். 1964இல் லெ மோர்னில் அவருக்கு மகுடம் சூட்டியது பெரியவர்கள்தானே என்று கேட்டார்.

ஆமாம் அண்ணே, மறுக்கவில்லை. ஆனால் அவர் பிறந்தது 1900இல். மகுடம் வந்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அதுவரை எத்தனை கலைஞர்களால் காத்திருக்க முடியும்?

அமெரிக்காவில் பீட் சீகர் என்றொரு நாட்டுப்பாடகர்; பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தோடு பாடுவார். 1950இல் அவருடைய வீவர்ஸ் குழுவின் பாட்டு நாட்டிலேயே முதலிடத்துக்கு வந்தது. இரண்டு மூன்று வருஷம்கூட ஆகவில்லை, கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்திக் கறுப்புப் பட்டியலில் போட்டார்கள். வானொலி, தொலைக்காட்சி, பெரிய அரங்குகள் எல்லாம் கதவைச் சாத்தின. 1961இல் சிறைத்தண்டனைகூட விதித்தார்கள். மறு வருஷம் மேல்முறையீட்டில் அது ரத்தானது. அத்தனை வருஷமும் அவருக்குச் சோறு போட்டது எது? பள்ளிக்கூடங்களும், பிள்ளைகளின் கோடை முகாம்களும், கல்லூரிகளும்! முகாமில் அவரோடு சேர்ந்து பாடிய பொடிசுகள் வளர்ந்து, 1960களில் நாட்டுப்பாடல் கேட்க அலைமோதிய கூட்டத்தில் வந்து நின்றார்கள். அண்ணன் பெருமையாகச் சொல்லும் பெரியவர் கூட்டம் அப்படித்தான் உருவாகிறது.

அடுத்து, தரம். அமெரிக்காவில் சிக்காகோவின் பாடகி எலா ஜென்கின்ஸ் 1957இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டே பிள்ளைகளுக்கானது. 2004இல் கிராமி என்ற பெரிய இசை விருதின் வாழ்நாள் சாதனைப் பிரிவில் விருது பெற்று, நூறு வயது வரை வாழ்ந்து 2024இல் மறைந்தார். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவது அவர் முறை. நம் கும்மியிலும் அதுதானே நடக்கிறது? பெரியவர்கள் மரியாதைக்காவது உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளோ தாளம் தொய்ந்தால் அடுத்த நொடி சன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். அவர்களைப் பிடித்து வைக்கிற கலைஞரின் தரத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

நான் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லித் தருகிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல். தமிழில் ஒரு வரி வாசிக்கச் சொன்னால் குரல் தொண்டையிலேயே நின்றுவிடும். ஒருநாள், செகாவுக்குத் தட்டும் ரவான் என்ற தோல் மேளத்தோடு கலைஞர் ஒருவர் வந்தார். மேளத்தின் ஆட்டுத்தோல் தொய்ந்து கிடந்தது. தட்டினால் 'தொப்' என்றது. முற்றத்தில் சருகைக் கொளுத்தி, தோலைச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சினார். மறுபடி தட்டியபோது 'டண்' என்று எழுந்த சத்தத்தில் பிள்ளைகள் துள்ளினார்கள். நம் தப்பு மேளத்தையும் இப்படித்தான் காய்ச்சுவார்கள் என்று சொன்னேன். உடனே ஒவ்வொருவராக வந்து, சூடு ஆறும் முன்னே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள். பிறகு அவர் வாசிக்க, நான் கும்மி அடிகளை எடுத்துக் கொடுத்தேன். கும்மியின் மூன்று மூன்றான நடை செகாவின் ஆறு தட்டில் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. வாயே திறக்காத பிள்ளைகள் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்க்கும்படி தமிழில் பாடினார்கள்!

பணம் குறைவு என்கிறார் அண்ணன். உண்மைதான். ஆனால் பள்ளிக்கு வரும் கலைஞருக்குச் சன்மானம் நிர்ணயிப்பவர்கள் யார்? பிள்ளைகளா? பெரியவர்கள் கொடுக்கத் தவறியதைப் பிள்ளைகள் கணக்கில் எழுதாதீர்கள்.

நம் செகா 2014இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. இன்னும் முப்பது வருஷம் கழித்து ரவானுக்குத் தோல் கட்டப்போகும் கைகள் இன்று எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கின்றன, அவர்களிடம் யார் போய்ப் பாடுவது? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும். வணக்கம்.