எண்ணூறு ரூபாய்த் தக்காளியும் ஒரு கொத்து ஓமவல்லியும்

(பெரியகுளத்தில் பொங்கலை ஒட்டி நடந்த பட்டிமன்றம். தலைப்பு: வீட்டில் மூலிகையும் காய்கறியும் வளர்ப்பது வாழ்க்கைத் தேவையே! வெறும் பொழுதுபோக்கே! ‘தேவையே’ அணியின் மூன்றாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, தைப் பனியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியகுளத்து மக்களே, வணக்கம்.

இது என் அம்மா பிறந்த ஊர். வராக நதியில் குளித்து வளர்ந்தவர். சென்னைக்குப் பக்கத்தில் முடிச்சூரில் நான் குடியிருந்தபோது, இங்கேயிருந்து ஒரு பொட்டலம் முருங்கை விதை கொண்டுவந்து வாசல் ஓரத்தில் ஊன்றினார். பொட்டலத்தின் மேலே ‘பி.கே.எம். 1’ என்று போட்டிருந்தது. அந்த மூன்று எழுத்தும் உங்கள் ஊர்ப் பெயர்தான். இங்கே இருக்கிற தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கி, 1989ல் வெளியிட்ட ரகம். போத்து வெட்டி நட்டு, அது எப்போது பிடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்த காலம் போய், விதை போட்ட ஆறாம் மாதம் காய் பறிக்கலாம் என்று ஆக்கிக் கொடுத்த ஊர் இது. இந்த ஊரில் வந்து நின்று ‘செடி வளர்ப்பது பொழுதுபோக்கு’ என்று பேச எதிரணிக்கு எப்படித்தான் மனது வந்ததோ! (கைதட்டல்)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு கணக்குச் சொன்னார். நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். “வளர்ப்புப் பை, தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், நாற்று, வேப்பெண்ணெய் என்று எண்ணூறு ரூபாய் செலவு செய்து என் மனைவி ஒரு தக்காளி காய்க்க வைத்தாள். அதைச் சாப்பிட மனசு வரவில்லை, வங்கி லாக்கரில் வைக்கலாமா என்று கேட்டேன்” என்றார்.

அண்ணே, உங்கள் வீட்டில் இட்லி உண்டா? உண்டு. மாவு அரைக்கிற கிரைண்டர் ஆறாயிரம் ரூபாய் இருக்குமா? அடுப்பு மூவாயிரம். இட்லிக் குண்டான் ஓர் ஆயிரம். கிரைண்டர் வாங்கிய அன்றைக்கு வெந்த முதல் இட்லி பத்தாயிரம் ரூபாய்! அதை லாக்கரில் வைத்தீர்களா, சட்னி தொட்டுச் சாப்பிட்டீர்களா? (சிரிப்பு) சாப்பிட்டீர்கள். ஏனென்றால் அடுத்த நாளும் இட்லி வரும் என்று உங்களுக்குத் தெரியும். செடியும் அப்படித்தான். முதல் காயின் தலையில் மொத்தச் செலவையும் கட்டிவிட்டு, இரண்டாவது காயிலிருந்து கணக்கு நோட்டை மூடிவிட்டால் எப்படி? அண்ணி அந்தப் பையை இன்னும் தூக்கிப் போடவில்லை. அதில் இப்போது என்ன இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வெந்தயக்கீரையாவது இருக்கும்.

அப்புறம், 2023 ஜூலை மாதம் எதிரணிக்கு நினைவில்லையா? தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அரசாங்கம் ரேஷன் கடையில் கிலோ அறுபது ரூபாய்க்கு வைத்து விற்றது. தக்காளிக்கு ரேஷன் கடையில் வரிசை நின்றோம், ஐயா! அன்றைக்கு ‘எண்ணூறு ரூபாய்த் தக்காளி’ என்று யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “அக்கா, ரெண்டு பழம் இருக்குமா?” என்றுதான் கேட்டார்கள்.

இன்னொன்று. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் ஓமவல்லியைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கை தூக்குங்கள். கற்பூரவல்லி என்று சொல்கிறோமே, அதேதான். ஒரு கைகூட இல்லை, பாருங்கள். அது ஒரு வீட்டில் ஒடித்து இன்னொரு வீட்டில் ஊன்றுகிற செடி. ஓட்டை வாளி போதும். சாம்பல் கலந்த மண் போதும். என் அம்மாவின் ஓமவல்லி, பிடி உடைந்த ஒரு நீல பிளாஸ்டிக் வாளியில்தான் இருந்தது. அந்த வாளியின் கதையைச் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.

2015 டிசம்பர் 1. சென்னைப் பெருவெள்ளம். நாங்கள் முடிச்சூரில் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்கார ஐயா. நல்ல மனிதர். ஆனால் ஒவ்வொரு மாதமும் வாடகை கொடுக்கப் போகும்போது ஒரே பேச்சுதான். “மொட்டை மாடியில் தொட்டி வைத்தால் தளம் கெட்டுப்போகும்மா. எடுத்துடும்மா.” அம்மாவும் ஒவ்வொரு மாதமும், “எடுத்துடறோங்க” என்று சொல்லிவிட்டு, புதிதாக ஒரு தொட்டியை மேலே ஏற்றிவிடுவார்.

அன்று ராத்திரி அடையாறு ஊருக்குள் வந்துவிட்டது. கீழ்வீட்டில் கழுத்தளவு தண்ணீர். வீட்டுக்கார ஐயா, அவர் மனைவி, மகன், மருமகள், நாலு வயதுப் பேத்தி, பக்கத்து இரண்டு வீட்டுக்காரர்கள் எல்லோரும் எங்கள் மாடிக்கு ஏறி வந்தார்கள். மொத்தம் பதினான்கு பேர். கரண்ட் இல்லை, போன் இல்லை. எட்டிப் பார்த்தால், தெருமுனை மருந்துக்கடையின் ஷட்டர் பாதி தண்ணீருக்குள் நிற்கிறது.

அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, சிலிண்டரில் கேஸ் இருந்தது. காய்கறிக்கு எங்கே போவது? அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். தக்காளி, கத்தரி எல்லாம் அந்த மழையில் அழுகிவிட்டன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் ஊர் முருங்கை, வாசலில் கழுத்தளவு தண்ணீருக்குள் நின்றுகொண்டே கைப்பிடிச் சுவருக்கு மேலே கிளையை நீட்டிக்கொண்டிருந்தது. பெயின்ட் டப்பாவில் கறிவேப்பிலை நின்றது. கம்பியில் தூதுவளை படர்ந்திருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், மழை படாத இடத்தில், நீல வாளியில் ஓமவல்லி. அன்றைக்கு முருங்கைக்கீரை போட்ட பருப்பு. மறுநாள் தூதுவளை ரசம். வீட்டுக்கார ஐயா மூன்று தம்ளர் வாங்கிக் குடித்தார்.

இரண்டாவது நாள் ராத்திரி அந்தக் குழந்தைக்கு இருமல். ஈரத்தில் நனைந்து வந்த பிள்ளை. இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. பதினான்கு பேரும் முழித்துக்கொண்டு இருக்கிறோம். அம்மா மெழுகுவர்த்தியோடு போய் நாலு இலை பறித்து வந்தார். தணலில் காட்டினால் அந்தத் தடித்த இலை வாடி, ஓரம் சுருண்டு, ஒரு வாசனை வரும் பாருங்கள், அறையெல்லாம் நிறையும். கசக்கிப் பிழிந்தால் அரைக் கரண்டி சாறு. தேனில் குழைத்து நாக்கில் தடவினார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை தாத்தா தோளிலேயே தூங்கிவிட்டது. ஐயா ஒன்றும் பேசவில்லை. வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் படகு வந்தது. “முக்கியமான சாமான் மட்டும் எடுங்க” என்று படகுக்காரர் கத்துகிறார். ஐயா நெஞ்சோடு ஒரு பிளாஸ்டிக் கவரை அணைத்துக்கொண்டு இறங்குகிறார். வீட்டுப் பத்திரம் என்று நினைத்தோம். மகனும் அப்படித்தான் நினைத்தார். “அப்பா, பத்திரத்தை என்னிடம் கொடுங்க, நனைஞ்சிடும்” என்றார். ஐயா கொடுக்கவில்லை.

பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, இந்த இடத்தை இன்னொரு தரம் சொல்கிறேன். வீடு மூழ்கிக் கிடக்கிறது. பீரோ மூழ்கிவிட்டது. வண்டி மூழ்கிவிட்டது. அந்த மனிதர் ஒரே ஒரு கவரை நெஞ்சோடு பிடித்திருக்கிறார். படகு தெருமுனை தாண்டியதும் மகன் பிடுங்கிப் பிரித்துப் பார்க்கிறார். உள்ளே ஈரத் துண்டில் சுற்றிய ஒரு கொத்து ஓமவல்லி! (பலத்த கைதட்டல்) மாதாமாதம் ‘எடுத்துடும்மா’ என்று சொன்னவர், கடைசியில் தானே எடுத்துக்கொண்டு போனார்.

இதற்கு எதிரணி என்ன சொல்லும் என்று தெரியும். ‘இதெல்லாம் பாட்டி வைத்தியம்’ என்பார்கள். அதே பாட்டி இருமலுக்குக் கொடுக்கிற இன்னொரு மூலிகை ஆடாதோடை. அதன் இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. அதை அடிப்படையாக வைத்துத்தான் ப்ரோம்ஹெக்ஸின் என்ற சளி மருந்தையே செய்தார்கள். நீங்கள் கடையில் வாங்கும் பல இருமல் மருந்துகளில் அது இருக்கிறது. அதற்காக, மூன்று நாள் காய்ச்சல் நிற்கவில்லை என்றாலும் இலையைக் கசக்கிக்கொண்டு உட்காருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், டாக்டரிடம் போங்கள். சர்க்கரை மாத்திரையை யாரும் நிறுத்தாதீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிள்ளை இருமும்போது வீட்டில் என்ன இருக்கிறது?

இது வீட்டுக்கு மட்டுமா, நாட்டுக்கும் வந்தது. 1991ல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் கியூபாவுக்கு எண்ணெயும் உரமும் வருவது நின்றது. ஹவானா நகரத்துக் காலி மனைகளில் மக்கள் காய்கறி போட்டார்கள். இதோ கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், 2022 ஜூனில், வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையே கொடுக்க அமைச்சரவை முடிவு எடுத்தது. பொழுதுபோக்குக்கா விடுமுறை விட்டார்கள்?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஐயா, இரண்டு நிமிடம்.

அம்மாவுக்குக் கடைசி நாலு வருடம் மறதி நோய். முதலில் தெருப் பெயர் போனது. பிறகு குக்கரை எப்படித் திறப்பது என்பது போனது. பிறகு நான் போனேன். என்னை ‘டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். எந்த டீச்சரோ, இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சராக இருக்கலாம். இரண்டு வருடம் முழுசாக ஒரு வாக்கியம் பேசவில்லை.

ஒருநாள் சாயங்காலம் என் பையனுக்கு இருமல். நான் நீல வாளியிலிருந்து இலை பறித்துக்கொண்டு அம்மா கட்டிலைத் தாண்டிப் போகிறேன். கை நீட்டினார். ஓர் இலையை உள்ளங்கையில் வைத்தேன். கட்டைவிரலால் தடவினார். மேலே இருக்கிற அந்தப் பூனைமுடியைத் தடவித் தடவிப் பார்த்தார். நுனியைக் கிள்ளி மூக்குக்குக் கொண்டுபோனார். என் முகத்தைப் பார்த்தார்.

“பிள்ளைக்குச் சளியாடி? ரெண்டு மிளகு தட்டிப் போடு.”

‘டீ’ என்று கூப்பிட்டார் என்னை! அவ்வளவுதான். மறுபடி ஜன்னலைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. போன ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த வாளிச் செடியிலிருந்து நாற்பது கொத்து ஒடித்து, ஈரத்துணி சுற்றி, நேற்று ராத்திரி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். மேடைப் படி ஓரத்தில் மஞ்சள் பையில் இருக்கிறது. போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். அடி இலையைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி ஊன்றுங்கள். ஒரு வாரம் நிழலில் இருக்கட்டும், தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது.

முதல் கொத்து எதிரணி அண்ணனுக்கு. வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே. இதற்குக் காசு கிடையாது.