நெல்வயல் விடும் மூச்சு

(காட்சி: நடவு முடிந்த வயல். சேற்றில் இறங்கும் ஒரு கால்.)

நடவு வயலில் இறங்கியவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். காலை அழுத்தி வைத்ததும் சேற்றிலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பும். அந்தக் குமிழுக்குள் மீத்தேன் என்ற வாயு இருக்கிறது.

தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றே இல்லாத இடத்தில்தான் சில நுண்ணுயிரிகளுக்கு வாழ்வு. மடக்கி உழுத தாள், வைக்கோல், செத்த வேர் எல்லாம் மட்கும்போது அவை மீத்தேனை உண்டாக்குகின்றன. அதில் கொஞ்சம்தான் குமிழாக வரும். பெரும்பகுதி நெல்லின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகக் கண்ணுக்குத் தெரியாமல் மேலே போய்விடும்.

100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைவிட மீத்தேன் சுமார் 27 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆனால் 12 ஆண்டு போல்தான் காற்றில் தங்கும். இன்றைக்குக் குறைத்தால் நம் காலத்திலேயே பலன் தெரியும்.

சரி, அதற்காகச் சோற்றை விட முடியுமா? வேண்டியதில்லை. தண்ணீரை இடையிடையே வற்ற விட்டால் போதும். தமிழில் இதற்குப் பேரே இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும்.

(காட்சி: வயலில் பாதி புதைந்த பிளாஸ்டிக் குழாய்.)

எவ்வளவு வற்ற விடுவது? அதைக் காட்டத்தான் இந்தக் குழாய். பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை இது. ஓர் அடி நீளத் துண்டு. கீழ்ப்பாதியில் துளை போட்டு, அந்தப் பாதியைப் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். வயல் காய்ந்த பிறகும் எட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் மினுங்கும். அது தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டலாம். பூக்கும் சமயத்தில் மட்டும் காய விடக் கூடாது, விட்டால் பதர்தான். பக்குவமாகச் செய்தால் மீத்தேன் பாதி வரைகூடக் குறையும், விளைச்சலும் விழாது.

அப்புறம் ஏன் எல்லோரும் செய்யவில்லை? அடுத்த முறைத் தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெரியாத விவசாயி வயலைக் காயப்போடத் துணிவாரா? வந்ததைத் தேக்கித்தான் வைப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2030-க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்போம் என்று 2021-இல் கிளாஸ்கோவில் நடந்த காலநிலை மாநாட்டில் பல நாடுகள் உறுதி எடுத்தன. நெல் அதிகம் விளையும் இந்தியாவும் சீனாவும் அதில் சேரவில்லை. சிறு விவசாயி தலையில் பாரம் விழும் என்ற இந்தியாவின் கவலை நியாயமானதே. அதனால்தான் மீத்தேனைக் குறைக்க உலக நாடுகள் தரும் பணம் முதலில் மடைக்கும் வாய்க்காலுக்கும் போக வேண்டும் என்கிறேன்.

(காட்சி: வாய்க்காலில் ஓடும் தண்ணீர்.)

பிலிப்பைன்ஸின் பொஹோல் தீவில் பாசன நிர்வாகமே காய்ச்சல் பாய்ச்சலுக்கு ஏற்றபடி முறை வைத்துத் தண்ணீர் விட்டது. தலைமடைக்காரர்கள் தேக்கி வைப்பதை விட்டார்கள். கடைமடை வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது.