கமாண்டோ மாதிரி தூங்காமல் ஓடலாமா?

வணக்கம் மக்களே. காலை ஆறரை மணி, கிரவுண்டிலிருந்து பேசுகிறேன். மூச்சு வாங்குகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்மி செலக்‌ஷனுக்குத் தயாராகும் தம்பி ஒருவன் எங்களோடு ஓடுகிறான். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. ஆனால் ஒரு மாதமாக நேரம் கூடிக்கொண்டே போகிறது. விசாரித்தால், ராத்திரி நாலு மணி நேரத் தூக்கம், சோற்றையும் நிறுத்திவிட்டான். "கமாண்டோ எல்லாம் அப்படித்தானே அண்ணா?" என்கிறான்.

சரி, கமாண்டோக்களையே பார்ப்போம். அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் பள்ளியில் வேண்டுமென்றே அரைவயிறு, அரைத்தூக்கம் என்று இரண்டு மாதம் வாட்டுவார்கள். 1991ல் அங்கே பயிற்சி எடுத்தவர்களை ராணுவ ஆய்வாளர்களே அளந்து பார்த்தார்கள். எட்டு வாரத்தில் உடல் எடையில் சராசரியாக 15 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. 75 கிலோ ஆளுக்கு 11 கிலோ! கொழுப்போடு தசையும் கரைந்தது, எடை தூக்கும் பலமும் நன்றாகவே குறைந்தது, தசையை வளர்க்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பாதாளத்துக்கு இறங்கியது. அடுத்த வருடம் சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டிப் போட்டார்கள், எடை இழப்பும் குறைந்தது.

அங்கே போகிறவன் உடம்பை ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் போகிறான் தம்பி. பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் அவன் எப்படி முடிவெடுக்கிறான் என்று பார்க்கத்தான் அந்த வதை. நீ இன்னும் கட்டவே இல்லையே!

ஓடும்போது தசை எரிக்கும் கிளைகோஜன், அதாவது தசை சேமித்து வைக்கும் மாவுச்சத்து, நீ நிறுத்திய சோற்றிலிருந்துதான் வருகிறது. தசையைச் சரிசெய்ய உதவும் வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது.

அப்புறம், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் வலி என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். சில சமயம் அது எலும்பில் விழுந்த மயிரிழை விரிசலாகவும் இருக்கலாம். அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்த 5,000க்கும் மேற்பட்ட பெண்களில் ஒரு பிரிவுக்கு எட்டு வாரம் கால்சியமும் விட்டமின் டியும் கொடுத்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு எலும்பில் மயிரிழை விரிசல் 20 சதவீதம் குறைவு. நம் வீட்டில் கேழ்வரகு இருக்கிறது, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். கூழாகக் குடியுங்கள். வலி விடவில்லை என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

நம் தம்பியை இன்று முதல் ராத்திரி ஒன்பதரைக்கு போனை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கச் சொல்லியிருக்கிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். இரண்டு வாரம் கழித்து இதே கிரவுண்டில் ஸ்டாப்வாட்சோடு ஓடவிடுவோம். நேரம் குறையாவிட்டாலும் அந்த வீடியோவை அப்படியே போடுகிறேன்.