வம்புக்குப் போகாது, வந்த சண்டையை விடாது

[திரை: மைக்ரோஸ்கோப் காட்சி. நெருக்கியடித்துக் கிடக்கும் குச்சி வடிவ பாக்டீரியாக்கள். அங்கங்கே பச்சைப் புள்ளிகள் தோன்றி மறைகின்றன.]

இந்தப் பச்சைப் புள்ளிகளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஒவ்வொன்றும், ஒரு செல் பக்கத்துச் செல்லை இப்போதுதான் குத்தியதற்கான தடயம்.

குத்துவது சூடோமோனாஸ் ஏருஜினோசா. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும். ஆஸ்பத்திரிகளில் தீக்காயக்காரர்களைப் படுத்தி எடுக்கும் கிருமியும் இதுதான். இதன் ஆயுதத்துக்கு ஆறாம் வகைச் சுரப்பு அமைப்பு என்று பெயர். வாயில் நுழையாத பெயர். நாம் ஈட்டி என்றே சொல்வோம். காலரா கிருமியிலும் சூடோமோனாஸிலும் இதை 2006-ல் அடையாளம் கண்டார்கள்.

[திரை: செல்லின் உட்பக்கம், அனிமேஷன்.]

செல்லுக்குள்ளே நீளமான ஓர் உறை. அதற்குள் ஒரு குழாய். குழாயின் நுனியில் கூர்முனை. இழுத்துக் கட்டிய ஸ்பிரிங் போல உறை காத்திருக்கும். சட்டென்று அது பாதி நீளத்துக்குச் சுருங்க, உள்ளே இருக்கும் குழாய் பாய்ந்து பக்கத்துச் செல்லைத் துளைக்கும். காலரா கிருமியில் அளந்தபோது, இந்தச் சுருக்கத்துக்கு 5 மில்லி செகண்டுகூட ஆகவில்லை.

பாக்டீரியாவைத் தாக்கும் சில வைரஸ்களின் வாலும் இதே அமைப்புதான். வைரஸ் வெளியிலிருந்து உள்ளே குத்தும்; இது உள்ளேயிருந்து வெளியே.

குழாயோடு நஞ்சும் போகும். சூடோமோனாஸின் ஒரு நஞ்சு, எதிராளியின் செல் சுவர்ப் பின்னலை அறுக்கும். சுவர் போனால் உள்ளழுத்தம் தாங்காது, செல் வெடித்துவிடும்.

சரி, பக்கத்தில் இருப்பது தன் சொந்தச் சகோதரி செல்லாக இருந்தால்? அதற்கும் குத்து விழும்! ஆனால் சாகாது. நஞ்சின் மரபணுவுக்குப் பக்கத்திலேயே அதை முறிக்கும் புரதத்தின் மரபணுவும் இருக்கிறது. விஷமும் மருந்தும் ஒரே பையில்.

[திரை: முதல் காட்சி மறுபடியும், மெதுவாக.]

இப்போது மறுபடி பாருங்கள். புள்ளிகள் கண்டபடி வரவில்லை. இந்தச் செல்லில் ஒன்று, உடனே அதை ஒட்டிய செல்லில், அதே இடத்துக்கு நேர் எதிரே இன்னொன்று. குத்து வாங்கிய இடத்திலிருந்தே திருப்பிக் குத்துகின்றன. தன் சவ்வு எங்கே கலைந்தது என்று செல்லுக்குத் தெரிகிறது. அங்கேயே புது ஈட்டியைக் கட்டுகிறது. கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. என்னை அசத்தியது இந்த இடம்தான்.

காலரா கிருமியின் குணம் வேறு. அதற்குக் குறி கிடையாது. எல்லாத் திசையிலும் குத்திக்கொண்டே இருக்கும். இறால், நண்டு ஓடுகளில் இருக்கும் கைட்டின் மேல் வளரும்போது, செத்த எதிராளியிடமிருந்து கொட்டும் டிஎன்ஏ-வையும் அள்ளிக்கொள்ளும். கொலையோடு கொள்ளையும்.

இந்த இரண்டையும் மோதவிட்டால்? ஹார்வர்டில் பாஸ்லர், மெக்கலானோஸ் குழுவினர் செய்து பார்த்து 2013-ல் வெளியிட்டார்கள். ஈட்டியுள்ள காலரா கிருமியைச் சூடோமோனாஸோடு கலந்தபோது, காலரா கூட்டம் அடிவாங்கிச் செத்தது. அடுத்து, ஈட்டி வேலை செய்யாதபடி மரபணுவை மாற்றிய காலரா கிருமியைக் கலந்தார்கள்.

[திரை: இரண்டு வகைச் செல்களும் உரசியபடி அருகருகே.]

சூடோமோனாஸ் அதைச் சீண்டவே இல்லை.